முதலில் கழன்றது எங்கள் வீட்டு மோட்டார்

பாட்டிலின் மூடியைத் திறந்து என் மேஜைமேல் வைத்தாள் அந்தப் பெண். "குடி மேடம்" என்றாள்.

ஒரு லிட்டர் குளிர்பான பாட்டில். லேபிளைக் கிழித்த இடத்தில் பசை இன்னும் பிசுபிசுத்தது. உள்ளே இருந்த தண்ணீருக்கு, பழைய டீத்தூளை மறுபடி கொதிக்கவைத்து வடித்ததுபோல் ஒரு நிறம். நான் குனிவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. பல வருடம் தெருக்குழாய்களோடு பழகிய மூக்கு எனக்கு. அது என்ன வாடை என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"எங்கே பிடிச்சீங்க?"

"எங்க தெரு கொயாய்ல. நீ வுட்ற தண்ணிதான் மேடம். குடிச்சிக் காட்டு. இத்த குடிச்சிட்டுத்தான் எம் பொண்ணு மூணு நாளா ராயப்பேட்டை ஆஸ்பத்திரில பட்துக்கினு கீது."

அவள் பெயர் மெஹருன்னிசா. தி.நகர் ஜவுளிக்கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவள். ராயப்பேட்டையில், பத்தடி அகலம்கூட இல்லாத ஒரு சந்தில் குடியிருந்தாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பாட்டிலைப் பிடித்திருந்த ஆள்காட்டி விரலின் நுனி முழுக்க ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள்.

அந்தக் கோடையில் இந்த மாதிரி வருகிறவர்களுக்கென்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். "லாரி அனுப்பச் சொல்றேம்மா."

"லாரி வாணாம். லாரி வந்தா நிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும். அந்த ஆளு நான்தான். நான் அங்க நின்னா தைக்கிறது யாரு? கொயாய்ல நல்ல தண்ணி வர்ணும். நீதான இஞ்சினீரு?"

நான் குடிக்கவில்லை. மூடியைத் திருகி, பாட்டிலைப் பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

கடிதம் எழுதிய வாசகருக்கு

இந்தத் தொடரைப் படிக்கும் சைதாப்பேட்டை வாசகர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். "உங்கள் கதைகளில் எப்போதும் நீங்களே ஜெயிக்கிறீர்களே அம்மா, அது எப்படி?"

குத்தல்தான். ஆனால் நியாயமான குத்தல். நானும் சைதாப்பேட்டையில் பிறந்தவள்தான். எங்கள் ஊர்க்காரர்கள் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. அவருக்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன். இந்தக் கதையின் முதல் பாதியில் குற்றவாளி நான்.

நான் அப்போது குடிநீர் வாரியத்தில் உதவிப் பொறியாளர். மயிலாப்பூரின் வடக்கு ஓரமும் அதை ஒட்டிய ராயப்பேட்டைச் சந்துகளும் என் டிப்போவின், அதாவது எங்கள் வட்டார அலுவலகத்தின், பொறுப்பு. ஏரிகளில் மண் வெடித்துக் கிடந்த கோடை அது. ஒருநாள் விட்டு ஒருநாள், காலை ஐந்தரை மணிக்கு வால்வைத் திறப்போம். இரண்டு மணி நேரம். அதற்குள் மொத்தப் பகுதியும் பிடித்துக்கொள்ள வேண்டும்.

வால்வைத் திறப்பவர் ஏழுமலை. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்பது வரைபடத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூச்சிழுத்த குழாய்

அடுத்த தண்ணீர் நாளில் ஏழுமலையோடு மெஹருன்னிசாவின் சந்துக்குப் போனேன். ஐந்தேமுக்கால் இருக்கும். தெருக்குழாயைச் சுற்றிப் பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன. குடங்களுக்குப் பின்னால் பெண்கள். தண்ணீர் வராத குழாயடியில் சண்டைகூட வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டு இல்லை. உஸ்ஸ் என்று ஒரு சத்தம் மட்டும்.

"காத்து வருது" என்றேன்.

"வர்ல மேடம். போவுது" என்றார் ஏழுமலை. "கைய வெச்சிப் பாருங்க."

உள்ளங்கையைக் குழாயின் வாயில் வைத்தேன். தோல் உள்ளே இழுபட்டது. கைப்பையில் கிடந்த பஸ் டிக்கெட்டை எடுத்து வாயருகே பிடித்தேன். டிக்கெட் பட்டென்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்துவிட்டேன். அது கீழே விழவில்லை. குழாய் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வழியில் இருக்கும் வீடுகளில் மோட்டாரை நேராகத் தெருக்குழாயோடு இணைத்து இழுக்கிறார்கள். முறைப்படி என்றால், தண்ணீர் தானாக ஓடிவந்து வீட்டுத் தரைத்தொட்டியில் விழ வேண்டும். தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்றத்தான் மோட்டார். நேராகக் குழாயில் வைத்து உறிஞ்சினால், கடைசித் தெருவுக்கு எதுவும் மிஞ்சாது. அதோடு போகாது. எங்காவது இணைப்பில் விரிசல் இருந்தால், சுற்றியுள்ள சாக்கடையையும் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மோட்டார்கள் நின்றதும் கடைசியாக வருகிற கொஞ்சத் தண்ணீரில் அது கலந்து வரும். மெஹருன்னிசாவின் மகள் குடித்தது அதைத்தான்.

மெஹருன்னிசா பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம், இஸ்க்கிறது யாருன்னு கண்டுபுடிப்பியா?"

"கண்டுபிடிக்கிறேன்" என்றேன். வீராப்பாகத்தான் சொன்னேன்.

"நீங்க கேக்கவேயில்லியே"

குழாய் வந்த வழியே எதிர்த்திசையில் நடந்தோம். ஏழுமலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால். ஒவ்வொரு கேட் வாசலிலும் நின்று காது கொடுத்துக் கேட்டேன். முதல் வீட்டில் ரீங்காரம். அடுத்ததில் இல்லை. அதற்கடுத்த மூன்றிலும் ரீங்காரம். சிறிய நோட்டில் கதவு எண்களை எழுதிக்கொண்டே போனேன்.

சந்து தெருவானது. தெரு அகலமானது. வாசல்களில் அரிசிமாக் கோலம். பால் பாக்கெட் பைகள் கேட்டில் தொங்கின. நான் நோட்டைப் பார்த்தபடியே நடந்ததால், ஏழுமலை நின்றதைக் கவனிக்காமல் சைக்கிளில் இடித்துக்கொண்டேன்.

"போதும் மேடம். வுட்டுடலாம்."

"ஏன்?"

அவர் மேலே கண்ணைக் காட்டினார். நிமிர்ந்து பார்த்தேன். ஆறு வீடுகள் கொண்ட அந்த அடுக்ககத்தின் முதல் மாடிக் கொடியில் என்னுடைய சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது.

மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், பலகை போட்டு மூடிய இடத்திலிருந்து அந்த ரீங்காரம் வந்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருடம். தினமும் காலை காப்பி குடிக்கும்போது கேட்ட சத்தம். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறுகிறது என்று நிம்மதியாகக் கேட்ட சத்தம். எந்தத் தண்ணீர், எங்கிருந்து என்று குழாய்ப் பொறியாளரான நான் ஒருநாளும் பலகையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

"உங்களுக்குத் தெரியுமா ஏழுமலை?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கவேயில்லியே மேடம்."

ஓட்டலில் நதிகளைப் பங்கிட்ட கதை

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இது நடப்பதற்குச் சில மாதம் முன்பு, தி.நகரில் ஓர் ஓட்டலில் நாட்டின் நதிநீரைப் பங்கிடுவது பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. எங்கள் துறையிலிருந்து என்னையும் அனுப்பியிருந்தார்கள். குளிரூட்டிய அறை. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில். பாதிப் பேர் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

வரைபடங்கள் காட்டினார்கள். அணைகள், கால்வாய்கள், மேலே இருக்கும் மாநிலம், கீழே இருக்கும் மாநிலம். கேள்வி நேரத்தில் நான் எழுந்து நின்றேன். "மேலே இருக்கிறவர் தன் தேவை போக மிச்சத்தைத்தான் தருவேன் என்றால் அது பங்கீடு இல்லை, பிச்சை. தண்ணீர் போய்ச்சேரும் கடைசி வயலிலிருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும்" என்றேன். கைதட்டல் பலமாக இருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சாப்பாட்டு இடைவேளையில் தேடிவந்து பாராட்டினார். கேரட் அல்வா கூட ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று காலையும் எங்கள் வீட்டு மோட்டார் ஓடியிருக்கும். அந்த அறையில் உட்கார்ந்திருந்த எத்தனை பேர் வீட்டிலோ ஓடியிருக்கும். ஒரு நதியையே பங்கு போட்டுத் தரத் தயாராக இருந்த நாங்கள், ஒரு தெருக்குழாயைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்குள்

என் கணவர் முரளிதான் அந்த அடுக்ககத்தின் சங்கச் செயலாளர். வங்கி வேலை. கூட்டக் குறிப்புகளைக்கூட அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிற மனிதர். அன்று மாலை அவர் காலணியைக் கழற்றும் முன்பே கேட்டேன்.

"கீழ இருக்கற மோட்டார் நேரா மெயின் லைன்லதானே மாட்டியிருக்கு?"

அவர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். "முன்னாடி இருந்த செயலாளர் போட்டது. நான் வந்ததும் ரிப்பேர் பண்ணேன், அவ்ளோதான். ஏன்?"

"நாளன்னிக்குக் கழட்டப் போறேன்."

"தமிழ், விளையாடாதே. இந்தத் தெருவுல போடாத வீடு எது? நாம ஒருத்தர் கழட்டினா அந்தத் தண்ணி கடைசித் தெருவுக்குப் போயிடுமா? பக்கத்து பில்டிங்காரன் இழுத்துப்பான். அவங்களுக்கும் தண்ணி இல்ல, நமக்கும் இல்ல. இதுல யாருக்கு என்ன லாபம்?"

முட்டாள்தனமான கேள்வி இல்லை அது. இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டு தெருக்களுக்கு நடுவில் நடந்தாலும், இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் நடந்தாலும், தண்ணீர்ப் பேச்சு கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். முதலில் அவன் நிறுத்தட்டும்.

"சரி, பக்கத்து பில்டிங்கையும் கழட்டறேன். ஆனா எந்த முகத்தோட அங்க போய் நிக்கிறது? 'உங்க வீட்டுல முதல்ல கழட்டுங்க மேடம்'னு கேட்டா என்ன சொல்றது?"

சமையலறையிலிருந்து மாமியார் வெளியே வந்தார். ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏண்டி தமிழ், ஊரெல்லாம் போட்டுண்டிருக்கா. நம்மாத்துல மட்டும் கழட்டணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? நீ ஆபீஸ்லதான் இஞ்சினியர். ஆத்துல இல்ல."

"அங்க ஒரு குழந்தை ஆஸ்பத்திரில கிடக்குதும்மா. சாக்கடை கலந்த தண்ணி. நாம இழுத்ததாலதான் கலந்துச்சு."

"நாம ஒருத்தராலயா கலந்துது?"

"இல்ல. ஆனா நாமளும்தான்."

அன்றிரவு ரசம் தொடுவாரில்லாமல் ஆறிப்போயிற்று. படுக்கப் போகும்போது முரளி, சுவரைப் பார்த்தபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "கூட்டம் போட்டு முடிவெடுக்கலாம்."

"தப்பை நிறுத்தறதுக்கு ஓட்டெடுப்பு எதுக்கு?" என்றேன்.

நோட்டீஸ்

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து முதல் நோட்டீஸை எழுதினேன். பெறுநர்: செயலாளர், இன்ன அடுக்ககம், இன்ன கதவு எண். என் கணவரின் பெயரை முழுசாக எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்தடுத்து முப்பதுக்கும் மேற்பட்ட நோட்டீஸ்கள். கடைசியில் கை வலித்தது.

தண்ணீர் நாளன்று காலை ஆறு மணிக்கு ஏழுமலையும் இரண்டு ஊழியர்களும் எங்கள் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றார்கள். ஆறு வீட்டுக்காரர்களும் படிகளில். முரளி கீழே இறங்கிவந்து நோட்டீஸை வாங்கினார். வரிவரியாகப் படித்தார். கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் தராமல் ஏழுமலையிடம் தந்தார்.

"சார், கோச்சிக்காதீங்க சார்" என்றார் ஏழுமலை.

"உங்க மேல கோபமில்ல" என்றார் முரளி.

பலகையைத் தூக்கினோம். அடியில் கரப்பான்கள் சிதறி ஓடின. துருப்பிடித்த நட்டுகள் சுலபத்தில் இடம் தரவில்லை. மோட்டாரைத் தூக்கியபோது இணைப்பிலிருந்து பீறிட்ட தண்ணீர் என் செருப்பை நனைத்தது. இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் மேலிருந்து உரக்கச் சொன்னார். "கவர்மென்ட் வேலைன்னா குடும்பத்தையே விட்டுக்கொடுப்பாங்களாம்!"

நான் நிமிர்ந்து பார்த்தேன். "குடும்பத்துலேர்ந்துதான் சார் ஆரம்பிச்சிருக்கேன். அடுத்தது உங்க மச்சினர் வீடு. மூணாவது கேட்."

ஏழுமலை சிரிப்பை அடக்கிக்கொள்ள இருமினார்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் அதே வேலை. சிலர் தாங்களே கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மோட்டார்மேல் பழைய பாவாடைகளைக் குவித்து வைத்து, துணி துவைக்கப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். பாவாடைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நான் போகிற இடமெல்லாம் அந்தக் கேள்வி காத்திருந்தது. "உங்க வீட்டுல?" ஏழுமலை முந்திக்கொண்டு பதில் சொல்வார். "மொதல்ல அங்கதாங்க கழட்னோம். நான்தான் கழட்னேன்." அதற்குமேல் நோட்டீஸில் கையெழுத்து விழும்.

எழுத்தில் கொடுங்கள்

கடைசியாக மிஞ்சியது ஒரு திருமண மண்டபம். இரண்டு பெரிய மோட்டார்கள். பெரிய தரைத்தொட்டி. முகூர்த்த மாதம் வேறு. மண்டபக்காரர் எங்களை உள்ளே விடவில்லை. நாற்காலியில் சாய்ந்தபடி கைப்பேசியை எடுத்து யாருக்கோ பேசினார். நான் டிப்போவுக்குத் திரும்பிச் சேர்வதற்குள் மேலிடத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்துவிட்டது.

"அந்த மண்டபத்தை விட்டுடும்மா. கல்யாண சீசன்."

"சரி சார். அதை எழுத்துல கொடுத்துடுங்க."

"எதுக்கு எழுத்துல?"

"மத்தவங்களுக்கெல்லாம் நான் எழுத்துலதானே சார் கொடுத்தேன்? அந்த மண்டபத்துக்கு மட்டும் விலக்குன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, அதையும் நகலெடுத்து வீடு வீடாக் கொடுத்துடறேன்."

"பார்த்து நடந்துக்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பயம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் மண்டபத்தை வழிக்குக் கொண்டுவந்தது நான் இல்லை. என் மாமியார்.

மண்டபத்துக்கு மட்டும் விலக்கு என்ற செய்தி எப்படியோ எங்கள் தெருவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு மாமியார், தெருவில் மோட்டாரைப் பறிகொடுத்த இன்னும் ஐந்தாறு பெண்களைக் கூட்டிக்கொண்டு மண்டப அலுவலகத்துக்குள் போய் நின்றார். விஷயம் தெரிந்து நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மேலாளர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"மாமி, நாளைக்கு முகூர்த்தம் மாமி. ஆயிரம் இலை விழும்."

"எங்காத்துல நாளைக்கு திவசம். ரெண்டு பக்கெட்டுலதான் அத்தனையும் பண்ணப்போறேன். என் மாட்டுப்பொண் எங்காத்து மோட்டாரைக் கழட்டி எடுத்துண்டு போயிட்டா. பதினஞ்சு நாளா நான் அவளோட பேசறதில்ல. அப்படி இருக்கச்சே ஒனக்கு மட்டும் என்ன, தலையில கொம்பா முளைச்சிருக்கு? எங்காத்துல இல்லைன்னா ஒன் மண்டபத்துலயும் இருக்கப்படாது!"

கடைசித் தெருக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தர்மம் நியாயம் எதுவும் இல்லை. எனக்கு இல்லாதது உனக்கும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தேன். நான் எழுதிக் கொடுத்த எந்த நோட்டீஸும் செய்யாததை அந்தக் கோபம் செய்துவிட்டது. எல்லோரும் விட்டுக்கொடுத்த இடத்தில் ஒருவர் மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருந்தால், விட்டுக்கொடுத்தவர்களே காவலாகிவிடுகிறார்கள். விலக்கு இல்லாத விதிக்குத்தான் அந்தக் காவல் கிடைக்கும்.

அன்று மாலையே இரண்டு மோட்டார்களும் வெளியே வந்தன. கல்யாணத்துக்கு மண்டபக்காரர் வேறு எங்கிருந்தோ லாரியில் வரவழைத்துக்கொண்டார். மாமியார் என்னோடு பேசாத நாட்கள் அதன்பிறகும் ஒரு மாதம் நீடித்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அரை மணி நேரம் கூட

விரிசல் விட்ட இணைப்பைத் தோண்டிக் கண்டுபிடித்து மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. குழாயைக் கழுவி, குளோரின் போட்டு, மறுபடி கழுவினோம். அடுத்த தண்ணீர் நாளில் மெஹருன்னிசாவின் சந்தில் நின்றேன். ஐந்து மணி ஐம்பது நிமிடத்துக்குக் குழாய் இருமியது. முதலில் காற்று, பிறகு கொஞ்சம் கலங்கல், பிறகு சுண்டுவிரல் பருமனுக்குத் தெளிந்த தண்ணீர். பிளாஸ்டிக் குடத்தின் அடியில் அது விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்தன. ஐந்து நிமிடத்தில் குழாயடிச் சண்டை தொடங்கிவிட்டது. காதுக்கு இதமாக இருந்தது.

மெஹருன்னிசாவின் மகள் அதற்குள் வீடு திரும்பியிருந்தாள். மெலிந்த முகம். வாசற்படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். மெஹருன்னிசா இரண்டு குடங்களை நிரப்பி உள்ளே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து, அதற்குத் தகுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இன்னும் அர அவரு ஜாஸ்தி வுடு மேடம். கட்சி வூட்டுக்குப் பத்தல."

கடைசி வீடு அவளுடையது இல்லை. அவளுக்கும் நான்கு கதவு தள்ளி இருந்தது.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் அவளை மிகவும் மதித்தேன். தண்ணீருக்கு நன்றி சொல்லத் தொடங்கினால் அது சலுகையாகிவிடும். அவள் சொல்லவில்லை. மேல் தெருக்களுக்கு இருபது நிமிடம் குறைத்து, கீழ்ச் சந்துகளுக்குக் கூட்டினோம். எங்கள் வீட்டில் தரைத்தொட்டி பாதிதான் நிரம்பியது. முரளி செயலாளர் பதவியை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. கழற்றிய மோட்டாருக்குப் பதிலாகத் தொட்டியில் முறைப்படி ஒன்றை வைத்து, ஆறு வீட்டுக்கும் எந்த நேரம் மேலே ஏற்றுவது என்று கட்டம் போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, மாடிப்படிச் சுவரில் ஒட்டினார். எங்கள் வீட்டுக்குக் கடைசி நேரம் போட்டிருந்தார். அன்றிரவு ரசம் சூடாக இருந்தது.

மாற்றல்

முரளியின் கட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. டிப்போவின் வெளிச்சுவரில், தெருவில் போகிற யாரும் படிக்கும்படி, பெயின்ட்டில் எழுதவைத்தேன். எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு வால்வு திறக்கும், எத்தனை மணிக்கு மூடும். அதுவரை அந்த விவரம் ஏழுமலையின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. இனி யாராவது அரை மணி நேரத்தைத் திருடினால் ஊருக்கே தெரியும்.

சுவர் காய்ந்து இரண்டு வாரத்தில் எனக்கு மாற்றல் வந்தது. அடையாறில் ஒரு கிடங்கு. குழாய்களையும் மூடிகளையும் எண்ணிப் பதிவேட்டில் எழுதுகிற வேலை. 'நிர்வாகக் காரணம்' என்று போட்டிருந்தார்கள்.

மேலதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒரு மனு எழுதிக் கொடும்மா. மாமியாருக்கு உடம்பு சரியில்ல, வீட்டுப் பக்கத்துலயே இருக்கணும்னு. பார்க்கலாம்."

"எங்க மாமியார் நல்லா இருக்காங்க சார். மண்டபக்காரரைக் கேட்டுப் பாருங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உத்தரவில் எந்த மாற்றமும் வரவில்லை. நான் மனு எழுதவில்லை. பொறுப்பை ஒப்படைத்தேன். கழற்றிய மோட்டார்களின் பட்டியலைப் புதிதாக வந்தவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

சைதாப்பேட்டை வாசகர் கவனிக்கவும். நான் ஜெயிக்கவில்லை.

கிடங்கில் சேர்ந்து மூன்றாவது வாரம் ஏழுமலை கைப்பேசியில் அழைத்தார். "மேடம், நம்ம செவுத்துல சுண்ணாம்பு அட்ச்சிட்டாங்க. பூரா வெள்ள."

"யாரு அடிக்கச் சொன்னது?"

"தெர்ல மேடம். கேட்டா, புச்சா பெயின்ட் அடிக்கப் போறாங்களாம்."

அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. மூன்றாம் நாள் காலை மறுபடி அழைத்தார். "மேடம், ஒருவாட்டி ராயப்பேட்ட வந்துட்டுப் போங்க. ஃபோன்ல சொல்ல மாட்டேன்."

வேலை முடிந்ததும் அடையாறிலிருந்து பஸ் பிடித்து நேராக அங்கே போனேன். சந்துமுனையில் ஏழுமலை காத்திருந்தார்.

குழாய்க்கு எதிர்ச்சுவர் முழுக்க நீல எழுத்து. யாரோ கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். கிழமை, திறக்கும் நேரம், மூடும் நேரம். அவர்கள் சந்துக்கு மட்டுமில்லை. மேலே இருக்கிற எல்லாத் தெருக்களுக்கும், மண்டபத்துத் தெருவுக்கும், எங்கள் தெருவுக்கும் சேர்த்து எழுதியிருந்தார்கள். சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்பே மெஹருன்னிசா அந்தச் சுவரைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாளாம். "எதுக்கும் கீட்டும்னு எட்த்தேன்" என்றாள். கையில் நீலம் காய்ந்து ஒட்டியிருந்தது.

டிப்போ சுவரில் நான் எழுதவைக்காத ஒரு வரியும் அடியில் இருந்தது. மற்ற எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக.

குறைஞ்சா கேப்போம்.